வெள்ளைத் தலை ஈ: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 1958-ல் வெளிவந்த 'தி ஃப்ளை' படத்தைப் பற்றி எழுதியிருந்தோம். மொன்ட்ரியல் நகரத்து விஞ்ஞானி ஆந்த்ரே தெலாம்பர், ஒரு பொருளை அணுஅணுவாகப் பிரித்து ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் கருவியை வீட்டு நிலவறையில் செய்கிறார். தானே உள்ளே நின்று சோதிக்கும்போது ஓர் ஈயும் கூட மாட்டிக்கொள்கிறது. வெளியே வருகிறவருக்கு ஈயின் தலையும் ஒரு கையும். எங்கோ பறந்துபோன ஈக்கு அவருடைய வெள்ளைத் தலையும் கையும். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் "எப்படி எடுத்தார்கள்", "நாங்கள் எடுக்க முடியுமா" என்று கேட்பவை. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பதில்களில் படத்தின் முடிவும் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

வண்ணப் படம், அதுவும் சினிமாஸ்கோப். இதைக் குறைந்த செலவுப் படம் என்று எழுதியிருந்தீர்களே, எப்படி?
– வாசகர், மதுரை

வண்ணமும் அகலத்திரையும் அன்றைக்கு டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் வீட்டுச் சொத்து. செலவைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. மொத்தப் படமும் 5 லட்சம் டாலருக்குள் முடிந்தது. வீடு, நிலவறை ஆய்வுக்கூடம், தோட்டம், தொழிற்சாலையின் அழுத்து இயந்திரம் ஆகியவற்றைத் தாண்டிக் கதை அதிகம் போவதில்லை. முக்கியப் பாத்திரங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மிச்சம் பிடித்த பெரிய இடம் ஈத்தலை. அது திரையில் வெளிப்படுவது முக்கால் படம் கடந்த பிறகுதான். அதுவரை மூடிய கதவு, கதவில் தட்டும் ஓசை, தட்டச்சு செய்த துண்டுச் சீட்டு, தலையை மூடிய கறுப்புத் துணி, சட்டைப் பைக்குள் ஒளித்த கை. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. துணிக்கு அடியில் ரம் கலந்த பாலை உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது, உள்ளே இருப்பதைப் பார்க்கிறவர் மனமே வரைந்துவிடுகிறது. ஒப்பனையாளர் பென் நை செய்த முகமூடியும் சில நிமிடங்கள் நம்ப வைத்தால் போதும் என்றாகிவிட்டது. டேவிட் ஹெடிசன் (படத்தில் 'அல் ஹெடிசன்' என்று பெயர் வரும்) முகமே இல்லாமல் தோள்களாலும் வலது கையாலும் நடித்திருக்கிறார். தன் இஷ்டத்துக்கு எழும் இடது கையை வலது கை பிடித்து அமுக்கும் காட்சிதான் படத்தின் உச்சம் என்பது எங்கள் கருத்து. முகமூடி அதற்கு அடுத்ததுதான்.

ஆந்த்ரே செய்த தவறு என்ன? ஈ உள்ளே போனது விபத்துதானே?
– இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

ஈ உள்ளே போனது விபத்து. ஈ போகக்கூடிய பெட்டியை வைத்திருந்தது விபத்து இல்லை. படத்தில் கெட்டவன் யாரும் கிடையாது. ஒரு நல்ல மனிதர் சோதனை நெறிகளை ஒவ்வொன்றாகத் தாண்டுகிறார். வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பூனை. வீட்டுப் பூனை டேன்டலோவை அனுப்புகிறார். அது வந்து சேரவில்லை, அதன் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது. உயிருள்ள ஒன்றை வைத்துச் செய்த சோதனை இப்படித் தோற்றால், காரணம் எழுத்தில் வரும்வரை அடுத்த உயிர் பெட்டிக்குள் போகக்கூடாது. அவர் திருத்தம் செய்கிறார், கினிப் பன்றி பத்திரமாக வந்து சேர்கிறது, அதற்கு அடுத்த தாவல் மனிதன். நடுவில் பல விலங்குகள், பல எடைகள், பல மாதக் கண்காணிப்பு இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தனியாக இருந்தது. பெட்டிக்குள் நிற்பவரும் இயந்திரத்தை இயக்குபவரும் ஒரே ஆள். வெளியே இன்னொருவர் இருந்திருந்தால் "நில், உள்ளே ஏதோ பறக்கிறது" என்று சொல்லியிருப்பார். ஆபத்தான ஆய்வுக்கூடங்களில் ஒருவர் மட்டும் வேலை செய்யக்கூடாது என்ற விதி இதற்காகத்தான்.

மூன்றாவது, பெட்டியைச் சோதிக்காதது. எடை போட்டுப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அது உதவாது. வீட்டு ஈ 10 முதல் 20 மில்லிகிராம்தான். ஓர் ஆளைத் தாங்கும் தராசு கிராம் கணக்கில்தான் மாற்றம் காட்டும், நூறில் ஓரிரு பங்கு கிராமை அது உணராது. செய்ய வேண்டியவை: கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, நுழைவதற்கு முன் காற்று வீசித் துடைக்கும் சிறு இடைக்கூடம், கதவு முழுக்கப் பொருந்தாவிட்டால் மின்சாரம் பாயாத பூட்டு. மூன்றும் 1958-ல் கிடைத்த பொருள்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அசலை அழித்த பிறகுதான் நகல் உருவாகிறது. கணினியில் கோப்பை இடம் மாற்றுகிறவர்கள்கூட முதலில் நகல் எடுத்து, சரிபார்த்து, கடைசியில்தான் பழையதை அழிப்பார்கள். ஆந்த்ரேயின் கருவியில் சரிபார்க்கும் கட்டமே இல்லை. அதனால்தான் கதை முழுக்க அந்த ஒரே ஈயைத் தேடி வீடே அலைகிறது. அது மட்டுமே மிச்சமிருக்கும் 'அசல்'.

நிஜ வாழ்வில் இதற்கு மிக நெருக்கமாக நடந்தது ஒன்று உண்டு. லூயிஸ் ஸ்லோட்டின், கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த இயற்பியலாளர். 1946 மே 21 அன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் 6.2 கிலோ புளுட்டோனியக் கோளத்தின் மேல் பெரிலியம் அரைக்கோளத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முழுக்க மூடினால் அணுத் தொடர்வினை தொடங்கிக் கதிர்வீச்சு பாயும், ஆகவே இரண்டு பாதிகளும் மூடாமலிருக்க இடையில் கட்டைகள் வைக்க வேண்டும். அவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் தாங்கிப் பிடித்திருந்தார். அது வழுக்கியது. நீல ஒளி பளிச்சிட்டது. கையால் தட்டி அரைக்கோளத்தை விலக்கிவிட்டார், அறையில் இருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள், அவர் 9 நாளில் இறந்தார். அதே கோளம் முந்தைய ஆண்டு ஹாரி டாக்லியன் என்ற இன்னொரு இயற்பியலாளரின் உயிரையும் வாங்கியிருந்தது. ஸ்லோட்டின் மறைவுக்குப் பிறகு அந்தச் சோதனையைக் கையால் செய்வது நிறுத்தப்பட்டு, தூரத்திலிருந்து இயக்கும் முறை வந்தது.

தன் உடம்பிலேயே சோதனை செய்த விஞ்ஞானிகள் உண்மையில் உண்டா?
– மாணவர், பாளையங்கோட்டை

உண்டு. 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை 65 செ.மீ. குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1956-ல் நோபல் பரிசு. 1984-ல் பாரி மார்ஷல் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிக் கரைசலைக் குடித்தார். 2005-ல் நோபல். 1928-ல் அலெக்சாந்தர் பொக்தானவ் ஒரு மாணவருடன் ரத்தத்தை மாற்றி ஏற்றிக்கொண்டு இறந்துபோனார்.

மார்ஷல் செய்ததைக் கவனியுங்கள். குடிப்பதற்கு முன்பே குழாய்விட்டுப் பார்த்துத் தன் வயிற்றில் அந்தக் கிருமி இல்லை என்று பதிவு செய்துகொண்டார். அதைக் கொல்லும் மருந்தும் கைவசம் இருந்தது. போவதற்கு முன்பே திரும்பி வரும் வழியைப் போட்டுவைத்திருந்தார். ஆந்த்ரேயிடம் அந்த வழி இல்லை.

ஈயின் கண்ணில் ஆந்த்ரேயின் மனைவி எலேன் அலறும் முகம் பல கட்டங்களாகத் தெரியும் காட்சி. ஈ உண்மையில் அப்படித்தான் பார்க்குமா? எங்கள் குறும்படத்தில் அதைப்போல் எடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
– கல்லூரிக் குழு, திருச்சி

ஈ அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டு ஈயின் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 3,000 அறுகோணச் சிற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு சின்னப் புள்ளியை மட்டுமே வாங்கும். கோலப் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோலம் ஆவதுபோல எல்லாம் சேர்ந்து ஒரே படம், அதுவும் மங்கலான படம். அலறும் முகம் ஒன்றுதான் தெரியும், 30 தெரியாது. ஆனால் வேகத்தில் ஈ நம்மை மிஞ்சும். நமக்கு நொடிக்கு 60 முறை அளவில் மினுக்கினாலே தொடர் ஒளியாகத் தெரிந்துவிடும். ஈ வகைகள் 250 வரைகூடப் பிரித்தறியும். உங்கள் கை ஓங்குவது அதற்கு மெதுவாகத் தெரிகிறது, அதனால்தான் தப்பிக்கிறது.

அறிவியல்படி சரியாக வேண்டுமென்றால் எடிட்டிங்கில் அறுகோண மொசைக் போட்டால் போதும். ஆனால் படத்தில் இருப்பது அறிவியலுக்காக வைத்த காட்சி அல்ல. கணவனின் கண் வழியாக மனைவியின் பயத்தைப் பல மடங்காகக் காட்டுவது அதன் வேலை. உங்களுக்கும் அதுதான் வேண்டுமென்றால்:

கறுப்புத் துணியைப் பின்னால் கட்டி, நடிகையின் முகம் மட்டும் சட்டகத்தின் நடுவில் வரும்படி 10 நொடி எடுங்கள். பின்னணியில் சுவர் தெரிந்தால் ஒட்டும்போது கட்டங்களின் விளிம்பு உடைந்து தெரியும். 1920×1080 திரைக்கு 320 பிக்சல் அகலமுள்ள, முனை மேல்நோக்கிய அறுகோண மாஸ்க் ஒன்று செய்யுங்கள். அதை 6, 7, 6, 7, 6 என்று 5 வரிசைகளாக அடுக்குங்கள், மொத்தம் 32. ஏழு வருகிற வரிசைகளைப் பக்கவாட்டில் 160 பிக்சல் தள்ளுங்கள். வரிசைகளின் மையத்துக்கு மையம் 277 பிக்சல். திரையின் விளிம்புவரை நிரம்பிவிடும்.

இதோடு நிறுத்தினால் சுவரொட்டிக் காகிதம்போல இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் 1 முதல் 3 ஃப்ரேம் முன்பின் தள்ளுங்கள், ஓரக் கட்டங்களைச் சற்று இருட்டாக்குங்கள். அப்போதுதான் உயிர் வரும். அளவோடு வையுங்கள். 3 நொடிக்குமேல் நீட்டினால் பார்க்கிறவர் கட்டங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்.

கண்ணாடிப் பட்டகம் பதித்த வடிகட்டியை லென்ஸில் மாட்டி நேரடியாகவும் எடுக்கலாம். பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுதான் அதில் வரும் சிக்கல். முகத்தைச் சட்டகத்தின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பெரிதாக்காதீர்கள்.

கினிப் பன்றி மறைந்து தோன்றும் காட்சியை மொபைலில் எடுத்தோம். மறைகிற நொடியில் பெட்டியே குதிக்கிறது. ஏன்?
– அதே குழு

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்திருக்கும். மொபைல் அசைந்திருக்கும். பொருளை எடுத்ததும் மொபைல் தானாகவே வெளிச்சத்தையும் ஃபோகஸையும் மாற்றியிருக்கும். ஜன்னல் வெளிச்சம் மாறியிருக்கும்.

ட்ரைபாட் கால்களின்மேல் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸ், வெளிச்சம், நிறச்சமன் மூன்றையும் பூட்டுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு எண் வைத்தால் பல்பு மினுக்கும். ஜன்னலை மூடி, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டே விலங்கை வெளியே எடுத்துவிட்டு வெற்றுப் பெட்டியை 10 நொடி எடுங்கள். வெட்டும் இடத்தில் 2 அல்லது 3 ஃப்ரேம் வெள்ளை ஒளி வையுங்கள். படத்திலும் அந்த நேரத்தில் ஒளிவெள்ளம்தான். சின்னப் பிசகுகளை அது விழுங்கிவிடும்.

விலங்கின் கண்ணுக்கு நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஒளியை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சோதனையில் தட்டின் பின்புறம் இருக்கும் எழுத்து திருப்பி வருகிறதே. ஒரு மனிதன் அப்படிக் கண்ணாடிப் பிம்பமாக மாறி வந்தால் என்ன ஆகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

படம் ஒரே காட்சியில் தொட்டுவிட்டுப் போய்விட்ட அருமையான விஷயம் இது. 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்து தலைகீழாக அல்ல, இடம்வலமாக மாறி வருகிறது. ஆந்த்ரே பிழையைத் திருத்திவிட்டு மேலே போய்விடுகிறார்.

இதயம் வலப்பக்கம் இருப்பது பெரிய ஆபத்தில்லை. உறுப்புகள் எல்லாமே இடம்வலம் மாறிப் பிறந்து நலமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் மூலக்கூறு மட்டத்தில். நம் புரதங்கள் 'இடக்கை' அமினோ அமிலங்களால் ஆனவை, நாம் செரிக்கும் குளுக்கோஸ் 'வலக்கை' வகை. மனிதன் அணு அணுவாகத் திரும்பி வந்தால் அவருடைய நொதிகளும் திரும்பியிருக்கும். வலக்கை உறை இடக்கையில் ஏறாததுபோல, சோறும் பருப்பும் அவருடைய நொதிகளில் பொருந்தாது. தண்ணீர், உப்பு, ஆக்ஸிஜன் மூன்றுக்கும் கைப்பக்கம் கிடையாது, அவை போதும் மூச்சுவிட. உணவு வயிற்றுக்குப் போகும், உடம்பில் சேராது. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினியில் சாவார்.

மூக்கும் இதை அறியும். கார்வோன் என்ற ஒரே மூலக்கூறின் ஒரு கைவடிவம் புதினா வகை வாசனை தரும். அதன் கண்ணாடிப் பிம்பம் கேரவே விதையின் வாசனை தரும். மூக்கிலுள்ள ஏற்பிகளுக்கும் கை உண்டு என்பதுதான் காரணம்.

தூரப்பெயர்ச்சி என்றாவது சாத்தியமா? 'குவாண்டம் டெலிபோர்ட்டேஷன்' செய்துவிட்டார்கள் என்கிறார்களே.
– வாசகர், யாழ்ப்பாணம்

செய்தது உண்மை. ஆனால் பெயர்ந்தது பொருள் அல்ல, ஒரு துகளின் குவாண்டம் நிலை, அதாவது அந்தத் துகள் எப்படி இருக்கிறது என்ற தகவல். போய்ச்சேரும் இடத்தில் துகள் ஏற்கெனவே இருக்க வேண்டும், சாதாரண வழியில் ஒரு செய்தியும் அனுப்ப வேண்டும், அசலின் நிலை அழிந்துவிடும். 1993-ல் ஆறு பேர் எழுதிய கட்டுரை இதன் தொடக்கம். அவர்களில் ஜில் பிராசார், மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்தவர். ஆந்த்ரே தெலாம்பரின் ஊர்! 1997-ல் இன்ஸ்புரூக்கில் ஒளித்துகளை வைத்துச் செய்து காட்டினார்கள். 2017-ல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளுக்கு 1,400 கி.மீ. தூரம்வரை சாத்தியமானது.

மனிதனுக்குக் கணக்குப் போடுவோம். 70 கிலோ உடம்பில் ஏறக்குறைய 7-க்குப் பின்னால் 27 பூஜ்யம் போட்ட அளவு அணுக்கள். அணு ஒன்றுக்கு 100 பிட் தகவல் என்று குறைத்தே வைத்து, நொடிக்கு 100 ஜிகாபிட் இணைப்பில் அனுப்பினால் 22,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பிரிக்கும் ஆற்றல் அவ்வளவு பெரிதில்லை. 70 கிலோ தண்ணீரைத் தனித்தனி அணுக்களாக்க ஏறக்குறைய 1,000 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் உடம்பை முழுக்க ஆற்றலாக மாற்றி அனுப்புவதென்றால், அந்த ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல 1 லட்சம் குண்டுகளுக்குச் சமம். நிலவறையில் செய்கிற வேலை இல்லை.

ஈயும் மனிதனும் கலந்தபோது அவர் போட்டிருந்த சட்டை மட்டும் ஏன் கலக்கவில்லை?
– வாசகர், சேலம்

கதையில் இதற்குப் பதில் இல்லை. அவருடைய குடலில் இருந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் கலக்கவில்லை. ஈத்தலை மனித உடம்பில் பொருந்தினாலும் சில நிமிடம்கூடத் தாங்காது. பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது, உடம்பின் பக்கங்களிலுள்ள துளைகளால் மூச்சுவிடுகின்றன. ஈயின் வாயிலிருந்து நுரையீரலுக்குப் பாதையே இல்லை. பாலைக் குடிக்கும் காட்சி மட்டும் உயிரியல்படி சரி. வீட்டு ஈக்குக் கடிக்கத் தெரியாது, திரவத்தைத்தான் உறிஞ்சும்.

பள்ளி நாடகத்துக்கு ஈத்தலை முகமூடி வேண்டும். மாணவருக்குக் கண் தெரிய வேண்டும், மூச்சு முட்டக்கூடாது, செலவும் குறைவாக இருக்க வேண்டும்.
– நாடக ஆசிரியர், புதுச்சேரி

முகத்தில் அச்சு எடுக்கும் வேலையில் இறங்காதீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நேராகத் தோலில் பூசவே கூடாது, இறுகும்போது சூடேறிப் புண்ணாக்கும். கீழேயுள்ள முறை பாதுகாப்பானது.

அடித்தளத்துக்கு ஒரு கறுப்புக் குரங்குக் குல்லா. கண்ணுக்கு 9 அல்லது 10 செ.மீ. விட்டமுள்ள எஃகு டீ வடிகட்டி இரண்டு. கைப்பிடியை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, விளிம்பு முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். 5 மி.மீ. ஃபோம் ஷீட்டில் நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு என நான்கைந்து துண்டுகள் வெட்டி ரப்பர் பசையால் ஒட்டுங்கள். பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மேடையில் கழன்று விழும். ஒட்டும் வேலையைக் குல்லாவை ஒரு பானைமேல் மாட்டிவைத்துச் செய்யுங்கள், பிள்ளையின் தலையில் வைத்து வேண்டாம்.

வாய்க் குழலுக்கு 12 செ.மீ. சைக்கிள் டியூப். நுனியில் பஞ்சு பொதிந்து கறுப்புத் துணி கட்டுங்கள். நுனியிலிருந்து தூண்டில் நரம்பு ஒன்றை உள்பக்கமாகக் கழுத்துக்குக் கொண்டுவந்தால், சட்டைக்குள் இழுக்க இழுக்கக் குழல் துடிக்கும். ரோமத்துக்குச் சாயம் போட்ட தேங்காய் நார். நார் தீப்பிடிக்கும், மேடையில் விளக்கேற்றும் காட்சி இருந்தால் கறுப்புக் கம்பளி நூலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வடிகட்டிக்கு வண்ணம் அடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தூரிகையால் பூசினால் வலைக்கண் அடைபட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஸ்ப்ரேயை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, வெளிப்பக்கம் மட்டும், பச்சையும் செம்புநிறமும் மாற்றி மாற்றி மெல்லிசாக அடியுங்கள். உள்பக்கம் கறுப்பு. நடிப்பவரின் கண்ணைச் சுற்றி மை பூசிவிடுங்கள். முன்னாலிருந்து விளக்கு அடித்தால் வலை திடமான கண்ணாகத் தெரியும். பின்னாலிருந்து அடித்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் கண் தெரிந்துவிடும், ஆகவே ஈத்தலை தோன்றும் நேரத்தில் பின்விளக்கை அணையுங்கள்.

மூக்குக்கு நேரே குல்லாவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டு, அதன்மேல் ஃபோம் தளர்வாகத் தொங்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீர் கொடுங்கள். ஒத்திகையிலேயே முகமூடி போட்டுப் படிக்கட்டு ஏறி இறங்கப் பழக்குங்கள். பக்கவாட்டுப் பார்வை குறைந்திருக்கும்.

'தி ஃப்ளை'யின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றில் வெட்டே இல்லாமல் முகத்தை மாற்றிக் காட்டியதாகப் படித்தேன். ரகசியம் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

1931-ன் 'டாக்டர் ஜெக்கில் அண்டு மிஸ்டர் ஹைட்' அது. முகத்தில் சிவப்புச் சாயத்தால் சுருக்கமும் நிழலும் வரைந்திருப்பார்கள். சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்க்கும்போது சிவப்புக் கோடும் தோலும் ஒரே வெளுப்பாகப் பதியும், கோடு மறைந்துவிடும். மெல்ல வேறு நிற வடிகட்டிக்கு நகர்த்தினால் கோடுகள் கறுத்து எழும். ஒரே ஷாட்டில் மனிதன் மிருகமாகிறான். 'தி ஃப்ளை' வண்ணப் படம் என்பதால் ஸ்ட்ரஸால் தன் பழைய வித்தையை அதில் இறக்க முடியவில்லை.

இன்றைக்கு இதை வீட்டிலேயே செய்யலாம். நிறம் மாறும் எல்.இ.டி. விளக்கு இரண்டு, சிவப்பு முகச்சாயம், இருட்டறை. சிவப்பு ஒளியில் தொடங்கி 6 முதல் 8 நொடியில் நீலப்பச்சைக்கு மாற்றி, பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். இரண்டு இடத்தில் பிசகும். சிவப்பு ஒளியில் கேமராவின் சிவப்புச் சானல் நிரம்பி முகம் வெளுத்துப்போகும், ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள். நீலப்பச்சைக்கு மாறும்போது மொத்த வெளிச்சம் குறைந்தால் தந்திரம் வெளியே தெரிந்துவிடும், முன்கூட்டியே இரண்டு ஒளியிலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அளவைச் சமமாக்கிவையுங்கள். உதட்டுச் சாயத்தை மறக்காமல் துடையுங்கள், அதுவும் கறுத்துவிடும்.

மூலக்கதைக்கும் படத்துக்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, சிங்கப்பூர்

ஜார்ஜ் லாங்கலான் எழுதிய சிறுகதை 1957 ஜூனில் 'பிளேபாய்' இதழில் வந்தது. கதை நடப்பது பிரான்சில். அங்கே ஆந்த்ரே மறுபடி பெட்டிக்குள் போகும்போது காணாமல்போன பூனையின் அணுக்களும் சேர்ந்துவிடுகின்றன. எலேன் கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறாள். திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் கிளாவெல் இரண்டையும் எடுத்துவிட்டு ஊரை மொன்ட்ரியலுக்கு மாற்றினார்.

லாங்கலான் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் உளவாளி. பிரான்சில் இறக்கப்படுவதற்கு முன் அடையாளம் தெரியாமலிருக்க அறுவைச் சிகிச்சையால் முகத்தை மாற்றிக்கொண்டவர். முகத்தை இழந்த மனிதன் மனைவிக்குச் சீட்டு எழுதும் பகுதிகளில் இருக்கும் வலியை அதைத் தெரிந்துகொண்டு படித்துப் பாருங்கள்.

நம் 'நான் ஈ' இதிலிருந்து எடுத்ததா?
– வாசகர், வேலூர்

இல்லை. 2012-ல் வந்த அது மறுபிறவிக் கதை. கொலையானவன் ஈயாகப் பிறந்து பழிவாங்குகிறான். அங்கே ஈக்கு மனித மனம் முழுசாக இருப்பதுதான் பலம். இங்கே மனித மனம் நாளுக்கு நாள் தேய்கிறது. பூச்சி ஒன்றே, பயணம் எதிரெதிர்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? அடுத்தடுத்த படங்களையும் பார்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

94 நிமிடம் ஓடும், 2.35:1 அகலமுள்ள பிரதியைத் தேடுங்கள். தொலைக்காட்சிக்காகப் பக்கம் வெட்டிய பிரதியில் இரண்டு பெட்டிகளும் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சிகள் பாழாகிவிடும். ஒரு பெட்டியையும் அதன் எதிரே உள்ள வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் காத்திருப்பின் பதற்றம் புரியும்.

1959-ன் தொடர்ச்சி கறுப்பு வெள்ளை. முகமூடியை மறைக்காமல் காட்டிக் கெடுத்துக்கொண்டது. 1965-ல் பிரிட்டனில் எடுத்த மூன்றாவதில் ஈயே கிடையாது, ஆனால் தோற்றுப்போன சோதனைகளுக்கு ஆளானவர்களை அது காட்டும் விதம் மனசை அறுக்கும், ஒருமுறை பாருங்கள். 1986-ல் டேவிட் குரோனன்பெர்க் எடுத்தது தனிப் படைப்பு. அதில் தலை மாறுவதில்லை, மரபணு மட்டத்தில் கலந்து ஒரு மனிதன் நோயாளிபோல மெல்ல மெல்லச் சிதைகிறான். ஒப்பனைக்காக கிறிஸ் வாலஸும் ஸ்டீபன் துப்புயியும் ஆஸ்கர் வாங்கினார்கள். ரத்தம், சீழ் பார்த்துத் தாங்காதவர்கள் 1958-ஓடு நின்றுகொள்ளலாம். குழந்தைகளோடு பார்ப்பதானால், சிலந்தி வலையில் சிக்கிய வெள்ளைத் தலை ஈ மெல்லிய குரலில் உதவி கேட்டு அலறும் கடைசிக் காட்சிக்கு முன் அவர்களை எச்சரித்துவிடுங்கள். அதில் நடித்த வின்சென்ட் பிரைஸ், தானும் ஹெர்பர்ட் மார்ஷலும் சிரிப்பை அடக்க முடியாமல் பலமுறை எடுக்க வேண்டியிருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். திரையில் பார்க்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வராது. அந்த மெல்லிய குரல் ராத்திரி வரை காதில் நிற்கும்.